சின்னவளின் சாப்பாட்டு டப்பா

— இறங்குடி. எத்தனை தடவை அந்த எடை மெஷின் மேல ஏறுவ? நாலு கிலோ குறைஞ்சா நாலு கிலோதான். இன்னொரு தடவை ஏறினா அஞ்சாயிடுமா?

— இல்லக்கா, முள்ளு சரியாத்தான் காட்டுதான்னு பார்த்தேன். நீ ஏறு.

— ஏறி என்ன ஆகப்போகுது. எனக்கு மூணு வாரமா முள்ளு ஒரே இடத்துல குந்தியிருக்கு. அதுக்கும் என்மேல என்ன கோபமோ.

— சேர்ந்து இளைக்கலாம்னு அஞ்சு வாரம் முன்னாடி நீதானக்கா ஆரம்பிச்ச.

— ஆமா ஆமா, ஆரம்பிக்கிறது நான், பேரு உனக்கு. நேத்து வந்தவங்ககிட்ட அத்தை சொல்றாங்க, "எங்க சின்ன மருமக எப்படி இளைச்சுட்டா பாருங்க"ன்னு. பெரிய மருமக ஒருத்தி டீ தட்டோட பக்கத்துலயே நிக்கிறா.

— அத்தை சும்மா சொல்றதுதான்.

— என் வீட்டுக்காரரும் சும்மாதான் சொன்னாரா? "உன் ஓர்ப்படியைப் பார்த்துக் கத்துக்க"ன்னு. பதினோரு வருஷத்துல அந்த மனுஷன் என்னை யாரோடயும் ஒப்பிட்டதில்ல. வயிறு எரியுதுடி எனக்கு. மறைக்கல.

— காலையில இன்னைக்கும் சாப்பிடலையா?

— இன்னைக்கென்ன, மூணு வாரமாத்தான் சாப்பிடல. மத்தியானம் ரெண்டு ரொட்டியை ஒண்ணாக்கினேன். இந்த வாரம் அதுலயும் பாதி. நாலு மணி ஆச்சுன்னா கார்மென்ட்ஸ் கம்பெனியில நூல்கண்டைப் பார்த்தாக்கூடத் தின்னலாமான்னு தோணுது. நீ பாட்டுக்கு எதிர் வரிசையில பட்டன் தச்சுக்கிட்டு ஏதோ முணுமுணுத்துப் பாடுற. உனக்குப் பசிக்கவே பசிக்காதா?

— முதல் வாரம் பசிச்சுது. அப்புறம் இல்ல.

— கொடுத்து வச்சவ.

— அக்கா, நேத்து நான் டீ குடிக்கப் போயிருந்தப்ப இஸ்திரி மேசைகிட்ட மயங்கி விழுந்தியாமே. சூப்பர்வைசர் சொன்னாங்க.

— விழல. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமா உட்கார்ந்துட்டேன், அவ்வளவுதான்.

— சுடுற பெட்டி கையில இருந்துச்சாம்.

— பக்கத்துல நின்னவ பிடுங்கிட்டா. விடு. நீ பரிதாபப்பட்டா எனக்கு இன்னும் எரியும். இரு, ஒண்ணு சொல்லிடுறேன், உள்ளயே வச்சுக்கிட்டிருந்தா அதுவே ஒரு கிலோ ஏறும். உன் டப்பாவைத் தினம் யாரு கட்டுறது?

— நீதான்.

— அந்தப் பருப்புல ரெண்டு ஸ்பூன் வெண்ணெய் போடுறேன். அடியில உருளைக்கிழங்கை மசிச்சு மறைச்சு வைக்கிறேன். நாலு வாரமா. நீ ஊதிப் போகணும்னு. நீ என்னடான்னா இளைச்சுக்கிட்டே போற.

— தெரியும்க்கா.

— என்ன தெரியும்?

— வெண்ணெய் வாசனை தெரியாதா? முதல் நாளே தெரிஞ்சுது. பசி, சாப்பிட்டுட்டேன். வயிறு நிறைஞ்சுது. அதுக்கு முன்னாடி தினம் சாயங்காலம் பேக்கரியில நாலு பன் தின்னுட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், உனக்குத் தெரியாது. அப்புறம் அந்தப் பக்கம் போகவே தோணல.

— அப்போ நான் உன்னைக் கெடுக்கப் போட்டது...

— அதுதான் என்னைக் காப்பாத்துச்சு.

— நல்லா இருக்குடி. உனக்குக் குழி தோண்டினேன், அதுல உனக்குத் தண்ணி ஊறிடுச்சு. சிரிக்காத.

— சிரிக்கலக்கா. டயட்டீஷியன் மேடம்கிட்ட நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான போன்ல பேசுறேன். வெண்ணெயைப் பத்திச் சொன்னேன். "விடாதே, முன்னாடி நீ சாப்பிட்டது பத்தவே பத்தாது"ன்னாங்க.

— உனக்கு எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாங்களா?

— கேட்டாங்க.

— என்னன்னு?

— வந்து... நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷமாச்சுக்கா. எங்க போனாலும் "பெரியவ என்ன லட்சணம்"னு உன்னைத்தான் சொல்லுவாங்க. நான் உன் பின்னாடி பையைத் தூக்கிட்டு நிப்பேன். இந்த ஒரு தடவையாவது...

— இழுக்காதடி. மேடம் என்ன சொன்னாங்க?

— "உங்க அக்கா சாப்பிடறது ரொம்பக் கம்மி, மயக்கம் வரும், உடனே சாப்பாட்டைக் கூட்டச் சொல்லு"ன்னாங்க. மூணு வாரமா ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்றாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லல.