கல்லில் புதைத்த செடி

உங்க மேஜை மேல இருக்கிற செடிக்குத் தண்ணி அதிகமாயிடுச்சு சார். இலை நுனி கறுத்திருக்கு பாருங்க. நாலு நாள் ஊத்தாம விடுங்க, தானா தேறிடும்.

தொழில் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க. வீடு, கிளினிக், ஆபீஸ்னு போய் மீன்தொட்டி வெச்சுக் கொடுத்துப் பராமரிக்கிறேன். பதினேழு வருஷமா இதுதான். தெருவுல தொட்டிக்காரர்னு சொன்னாதான் என்னைத் தெரியும். எல்லாரும் ஒண்ணையேதான் கேட்பாங்க: அதிக வெளிச்சம் இல்லாம, கவனிக்காம விட்டாலும் சாகாத செடி இருக்கான்னு. இருக்கு. அனுபியாஸ்னு ஒண்ணு, இருட்டு மூலையிலகூட அது பாட்டுக்கு இருக்கும். ஆனா அதுல விரல் தடிமனுக்கு ஒரு தண்டு படுத்தவாக்கில இருக்கும். அதைத் தொட்டி அடியில பரப்பியிருக்கிற பொடிக்கல்லுக்குள்ள புதைச்சா அழுகிடும். தண்ணிக்குள்ள ஒரு மரக்கட்டை மேல வெச்சுத் தையல் நூலால கட்டணும். ரெண்டு மூணு மாசத்துல வேர் கட்டையைப் பிடிச்சுக்கும். அப்புறம் நூலை அறுத்துடலாம். நான் அறுக்கறதில்ல. இருந்தா என்ன, யாரைக் கடிக்குது.

என் தங்கச்சி என்னைவிட நல்லாக் கட்டுவா. பல் செட் செய்யற லேப்ல வேலை அவளுக்கு, கை அவ்வளவு சுத்தம். சின்ன வயசுல அவளை அடக்கவே முடியாது, அதனால வாலுன்னு கூப்பிடுவேன். முப்பது வயசு ஆகப் போகுது, இன்னும் அதே பேர்தான். அப்பா அம்மா ஒரே வருஷத்துல போனப்ப அவளுக்குப் பன்னெண்டு. தலை பின்னிவிடறதுலேர்ந்து எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் பண்ணிக்கத் தோணல. அதை அவகிட்ட ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல, அதையும் எழுதிக்கோங்க.

அவளுக்கு வெயில் ஆகாது, தலைவலி வந்துடும். அதனால ஹால்ல எப்பவும் திரை போட்டிருப்பேன். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை வீட்டுல பிடிச்சிருக்குன்னு சொன்னாங்க. நான் போன் பண்ணி அவளுக்கு வலிப்பு வரும்னு சொன்னேன். வலிப்பு வந்ததில்ல. அந்தத் தலைவலியைத்தான் கொஞ்சம் பெருசா சொன்னேன். அதுக்கு முன்னாடி வெளியூர்லேர்ந்து வந்த வேலைக் கடிதம் ஒண்ணை அவ கண்ணுல காட்டாம கிழிச்சேன். அவ நல்லாத்தான் இருந்தா சார். சாப்பிட்டா, சிரிச்சா, என் சமையலைக் கிண்டல் பண்ணினா.

இந்தத் தடவை வேலைக் கடிதம் லேப் விலாசத்துக்கே வந்துடுச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெட்டியை இறக்கித் துடைச்சுக்கிட்டே, "புதன்கிழமை கிளம்பணும்ணா. நீயும் கொஞ்சம் வெளிய போ, மனுஷங்களோட பழகு. எத்தனை நாளைக்கு மீன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருப்ப?"ன்னா. நான் சிரிச்சேன். உள்ளுக்குள்ள பயம். அந்த வீட்டுல தனியா சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்கார்றதை என்னால நெனச்சே பார்க்க முடியல.

அவ கடைக்குப் போனா. ஹால் தொட்டியில இருந்த பெரிய அனுபியாஸை அவதான் கட்டியிருந்தா, அஞ்சு வருஷச் செடி. நான் நூலை அறுத்து, கட்டையிலேர்ந்து பிரிச்சு, தண்டு மூடற மாதிரி கல்லுக்குள்ள புதைச்சேன். கண்ணாடி ஓரமா, வாசல்லேர்ந்து பாத்தாலே தெரியற இடத்துல. தொட்டித் தண்ணிக்குள்ள நிக்கற கரண்ட் ஹீட்டர்ல விரிசல் விட்டிருந்தது எனக்கு மூணு வாரமாத் தெரியும். புதுசு வாங்கி அலமாரியில வெச்சிருந்தேன், அட்டைப்பெட்டியோட நீங்களே எடுத்தீங்க. அன்னிக்கு அதைப் பிரிக்கல. பழசே ஓடட்டும்னு விட்டேன்.

செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அவ தொட்டியைத்தான் பார்ப்பா. தண்டு கல்லுக்குள்ள போயிருந்தா அவளால தாங்க முடியாது. "பாவம், அதுக்கு மூச்சு முட்டும்"னு சொல்லிக்கிட்டே முழங்கை வரைக்கும் கையை விடுவா. நீங்க சரியாத்தான் பிடிச்சீங்க சார், பதினேழு வருஷம் தொழில் பண்றவன் வீட்டுல அந்தச் செடியை எப்படி ஒருத்தன் புதைப்பான்னு. வேற யாரும் அதைக் கவனிச்சிருக்க மாட்டாங்க.

நான் நெனச்சது ஒரு கரண்ட் ஷாக், பத்து நாள் ஆஸ்பத்திரி, அதுக்குள்ள அந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும். அவ்வளவுதான். அதுக்கு மேலயும் ஆகலாம்னு தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியும். ஊர் பூரா தொட்டி வெச்சவங்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப் போனவன் நான்.

முதல்ல எழுதிக் கொடுத்ததுல ஒரு இடம் மட்டும் திருத்தணும். அவ அவசரத்துல தானாக் கையை விட்டுட்டான்னு எழுதியிருந்தேன். அது சரியில்ல. எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு, நான் போட்டது. தொட்டியோட ப்ளக் பாயின்ட் சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில இருக்கு. தொட்டிக்கிட்ட நிக்கறவங்க குரல் கொடுக்கணும், உள்ள இருக்கறவங்க ப்ளக்கை எடுத்துட்டுப் பதில் சொல்லணும். பதில் வராம அவ தண்ணியைத் தொட்டதே இல்ல, சின்னப் பிள்ளையிலேர்ந்து. அவ மட்டும் அன்னிக்குக் கேக்காம கையை விட்டிருந்தா நான் ஓடிப்போய்த் தடுத்திருப்பேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

நான் அடுப்படியில அவளுக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தேன். ப்ளக் என் தோள் பக்கத்துலதான் இருந்தது. "அண்ணா, எடுத்தாச்சா?"ன்னு கேட்டா.

"எடுத்தாச்சும்மா, கையை விடு"ன்னேன்.