எங்க தீவுல எல்லாமே கீது

(எண்ணூர், 1955. உப்புக் கிடங்கு ஆபீஸில் இருக்கும் ஒரே தொலைபேசி. முற்பகல் பதினோரு மணி.)

ஹலோ... ஹலோ... ஆங், நான்தான் பேசறேன், திருமலை. முகத்துவாரத்துக்கு அந்தாண்ட, சவுக்குமேட்டுக் குப்பம்... ஆமா ஆமா, அந்தத் தீவுதான்... ஐயே, நீங்க யாருன்னு சொல்லவே வாணாம்மா. எனக்குத் தெரியும். விடிஞ்சதுலேர்ந்து உங்க போனுக்காவத்தான் இந்த உப்பு மூட்டை மேல குந்திகினு கீறேன்... இல்லம்மா, நான் சொல்லிடறேன், இருங்க. இந்த வாரத்துக்குள்ள போன்ல கூப்ட்டு எல்லாத்தையும் வெசாரிப்போம்னு சொல்லி அனுப்பிச்சீங்களா இல்லியா?... ஆமாவா? பாத்தீங்களா. அதான் தெரியும்ன்றேன். கேளுங்க. இன்னா வோணுமோ தாராளமா கேளுங்க.

(குழலைக் கையால் பொத்திக்கொண்டு) எத்திராஜு, பொண்ணு வூட்டுக்காரங்க. ராயபுரத்து சித்தி. மூணாம் பாரம் வரைக்கும் படிச்சவங்கன்னு சொன்னாங்களே, அவங்கதான். பேச்சப் பாரு, ஆபீசர் மாதிரியே பேசறாங்க. நீ குமாஸ்தா வேலையப் பாரு, குறுக்க பேசாத.

ஆங், சொல்லுங்கம்மா... எத்தினி குடும்பமா? ஒரு... நூறு தலைக்கட்டு வெச்சிக்கோங்க... எழுதிக்கிறீங்களா? எழுதிக்கோங்க எழுதிக்கோங்க. நல்ல விசயந்தான்.

(பொத்திக்கொண்டு) அம்பத்திரண்டுன்னு சொன்னா சின்ன ஊருன்னு நெனச்சிக்குவாங்க எத்திராஜு. மூணு வருசமா எங்க தீவுக்கு எவனும் பொண்ணு குடுக்கல. என் தம்பி தேசப்பனுக்கு முப்பது ஆவுது. இந்த சிவந்திப் பொண்ணும் கைய வுட்டுப் போச்சுன்னா அவன் கட்டுமரத்துக்குத்தான் தாலி கட்டணும்.

ஆமாம்மா, கேட்டுகினுதான் கீறேன்... தண்ணியா? தண்ணி எளநி கெட்டுது போங்க... கெணறு இல்ல, ஊத்து. மணல்ல பள்ளம் பறிச்சா ஊறும்... உப்பா? சேச்சே. எங்க வூட்ல சோத்துக்கு உப்பு... தனியாத்தான் போடுவோம்... ஆமா, தனியாத்தான்.

பள்ளிக்கூடம் கீதும்மா... வாத்யார் வர்றாரு. அலை எறங்கினாக்கா வருவாரு... இல்ல இல்ல, டெய்லி. அலை டெய்லி எறங்குமா எறங்காதா?

எப்டி வர்றதா? ஒரு எட்டும்மா. எண்ணூர்ல படகு ஏறி வாயப்பயத்த உரிச்சா, துன்னு முடிக்கறதுக்குள்ள எங்க கரை... மயைக் காலத்துலயா? மயைக் காலத்துல ரெண்டு பயம் எடுத்துக்கணும், அம்மாந்தான்.

இன்னா கேட்டீங்க?... விதவைங்களா? இன்னாம்மா, நல்ல காரியம் பேசறப்ப... இல்ல, கேளுங்க, கேக்க வேண்டியதுதான். யாரும் இல்லம்மா. ஒருத்தர் கூட இல்ல. எங்க தீவுல ஆம்பளைங்க சாவறதில்ல... அதாவது சாவாங்க. பொண்டாட்டியக் கரை சேத்துட்டு அப்பாலதான் சாவாங்க. மரியாதி தெரிஞ்சவங்க... ஆமா, சைபர் போட்டுக்கோங்க.

வயசானவங்களா? கீறாங்க... அவங்கள யாரு பாத்துக்கறாங்களா? அவங்கதான் எங்களப் பாத்துக்கறாங்க... பால் பவுடரா? எங்களுக்கு எதுக்கும்மா பவுடரு? வூட்டுக்கு வூடு ஆடு கட்டிகினு கீறோம்... பவுடரெல்லாம் இல்லாத ஊருக்குக் குடுங்க.

யாருப்பா நடுவுல? எக்ஸேஞ்சா?... மூணு நிமிசமா? அம்மா, இன்னொரு மூணு நிமிசம் வாங்கிக்கிறீங்களா?... வாங்கிட்டாங்களாம். பெரிய மனசு.

சொல்லுங்க... பிரசவமா?... ஆங்... பிரசவத்துக்கு குப்பம்மா கீறாங்க. கைராசிக்காரங்க. அவங்க போயி வாசல்ல நின்னாலே உள்ள கொயந்த அயுவும்... வயசு ஒரு நாப்பத்தஞ்சு போட்டுக்கோங்க... சாவா? பிரசவத்துல சாவா? எங்க தீவுலயா? உங்களுக்கு எவன்மா சொன்னது?... பேப்பர்ல எழுதி கீதா? எந்தப் பேப்பர்ல?... இல்லம்மா. அது ஜொரம். மூணு நாள் ஜொரம்மா. எழுதிக்கோங்க, ஜொரம்.

(பொத்திக்கொண்டு) எத்திராஜு, எவனோ நம்ப மங்கை விசயத்த ஊதிட்டான். என் பொண்டாட்டி செத்தது இவங்களுக்கு எப்டித் தெரியும்? பேப்பர்ல வேற எழுதிக் குடுத்து கீறான். கைல கெடைச்சான்னா மவனே... இன்னாடா நீ முய்க்கிற?

ஹலோ, கீறேம்மா... எல்லா வசதியும் கீதுன்னு ரொம்ப சந்தோசமா? எங்களுக்கும் சந்தோசந்தாம்மா. அப்ப முடிச்சிடலாம் இல்ல?... அடிச்சிடறீங்களா? எத்த அடிக்கறீங்க?... எங்க ஊரு பேரையா? இன்னா லிஸ்ட்டுமா அது? வேற எடமும் பாக்கறீங்களா?... அத்திப்பட்டுக்குக் குடுக்கப் போறீங்களா? ஏம்மா, அத்திப்பட்டுல எந்தப் பையன்? எனக்குத் தெரியாம?... பையன் இல்லியா? பின்ன யாருக்குக் குடுக்கறீங்க?... நர்ஸம்மாவையா? நர்ஸம்மாவ எதுக்கும்மா குடுக்கறீங்க, நான் சிவந்தியத்தான கேட்டேன்?... இருங்க. கொஞ்சம் இருங்கம்மா. நீங்க சிவந்தியோட சித்தி இல்லியா?

... மாதர் நல ஆபீசா.

... ஞானபாக்கியம் அம்மாங்களா. வணக்கம்மா... மனுவா? பிரசவ நர்ஸம்மா வோணும்னு சவுக்குமேட்டு மனு?... எட்டு மாசம் முன்னயா?... இங்கிலீஷ்லயா கீது... அடியில கட்டவெரல் ரேகை கீதா?... ஆமாம்மா. அது என் கட்டவெரலுதான்.

(பொத்திக்கொண்டு) எத்திராஜு, பேப்பர்ல எழுதினவன் நீதான்டா! நாந்தான் எழுதச் சொன்னேன், சரி. இவ்ளோ நேரம் நின்னு கேட்டுகினு இருந்தியே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?... நான் எங்க பேசாதன்னேன்?... சரி, சொன்னேன்.

அம்மா, நான் சொன்னதெல்லாம் அழிச்சிடுங்க. மொதல்லேர்ந்து சொல்றேன்... மையில எழுதிட்டீங்களா? ஏம்மா, பென்சில்ல எழுதக் கூடாதா?... கோச்சிக்காதீங்க. எழுதுங்க. தலைக்கட்டு நூறு இல்ல, அம்பத்திரண்டு. தண்ணி வந்து...

(கதவுப் பக்கம் பார்த்து) வாங்க மாமா! வாங்க வாங்க. நேர்லயே வந்துட்டீங்களா? போன்ல கூப்புடறேன்னு... ராயபுரத்துலேர்ந்து லைன் கெடைக்கலியா? அதான் ரயில் ஏறிட்டீங்களா. எத்திராஜு, பொண்ணோட நைனா, ரகுபதி மாமா. ஆர்பர்ல கிரேன் ஓட்றவரு. நாற்காலி போடு. கொடைய வாங்கி வை. இதோ முடிச்சிட்டேன் மாமா, ஆபீஸ் விசயம்.

ஹலோ, ஆங்... தண்ணியா? தண்ணி... தண்ணி நல்லாத்தாம்மா கீது. ஆனா நீங்க நல்லா இல்லன்னே எழுதிக்கோங்க... ஏன்னா... அது அப்டித்தாம்மா... கத்தாதீங்கம்மா, காது வலிக்குது... மருத்துவச்சி கீதா இல்லியாவா? கீது... ஆனா இல்லாத மாதிரி கீது.

எத்திராஜு, மாமா வெயில்ல வந்து கீறாரு, ஸ்டேசனாண்ட இட்டுகினு போயி நன்னாரி சர்பத் வாங்கிக் குடு... வாணாமா? தாகம் இல்லியா மாமா? ராயபுரத்துலேர்ந்து ரயில்ல வந்தவருக்கு தாகம் எப்டி இல்லாம போவும்?... சரி. குந்துங்க.

கீறேம்மா, கீறேன்... இன்னிக்கி நாலு மணிக்கு லிஸ்ட்டு மேல போவுதா... அப்பால அடுத்த லிஸ்ட்டு எப்போ?... மூணு வருசம் ஆவுமா?

...

கீறேம்மா.

எழுதுங்க. மையிலயே எழுதுங்க. மாமா, நீங்களும் கேட்டுக்கோங்க. இத்த ரெண்டு தபா சொல்ல என்னால முடியாது.

மருத்துவச்சி இல்லம்மா. குப்பம்மான்னு ஒரு கெயவி. எம்பது வயசு, ரெண்டு கண்லயும் பூ வியுந்துட்சு. தலை எது கால் எதுன்னு பக்கத்துல கீறவங்களக் கேட்டுத்தான் புள்ளய எடுக்கும். அதுவும் பாவம், இன்னா பண்ணும்... அந்த சாவு ஜொரம் இல்ல. என் பொண்டாட்டி மங்கை. நாலு வருசம் ஆச்சு. ஐப்பசி மாசம் காலைல நோவு கண்டுச்சு. புள்ள குறுக்க நிக்குது, என்னால ஆவாதுன்னு கெயவி கைய விரிச்சிட்சு. படகுல படுக்க வெச்சிகினு கெளம்பினேன். எதிர்காத்து. முகத்துவாரத்துல மணல் ஏறி அடைச்சிகினு கீது. நானும் தம்பியும் தண்ணியில எறங்கி தோள்ல கயிறு கட்டி இஸ்தோம். எண்ணூர்ல ரயில் வந்து நிக்கறது தெரியுது, எறங்கற ஜனங்க தெரியுது. கரை மட்டும் வரல... ஆமாம்மா. படகுலயேதான். ரெண்டு உசுரும்.

ஊரெல்லாம் ஜொரம்னு சொல்லிகினு கீறேன். நெசம் தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான், சொல்லுங்க. அவ பேர்லயே பொய் சொல்லிட்டு ராத்திரி சோறு துன்றேம்மா நானு. வெக்கமா கீது.

... நான் அயுவலம்மா. காத்து சத்தம். நீங்க எழுதுங்க. தண்ணி உப்பு. வாத்யார் மாசத்துல நாலு நாள் வந்தா அதிகம். ஆடு மூணே மூணு, அதுலயும் ஒண்ணு கெடா. பால் பவுடர் வோணும். பாம்பு கீது, நீங்க கேக்கல, நானா சொல்றேன். விதவைங்க சைபர் இல்ல, பதினோரு பேரு. என்னையும் சேத்தா பன்னெண்டு... ஆம்பளைய சேக்க மாட்டீங்களா? சரி, பதினொண்ணே போடுங்க.

(திரும்பி) மாமா... கொடைய எடுத்துக்கினீங்களா. சரி. தப்பு என்னுது. தம்பி மேல கோவம் வாணாம், அவன் நல்ல பையன், அது மட்டும் பொய் இல்ல... இன்னா மாமா?... தெரியுமா? முன்னயே தெரியுமா உங்களுக்கு?... மீன் மார்க்கெட்ல எல்லாருக்குமே தெரியுமா? ஜொரம்னு நான் சொன்னத ஒருத்தர் கூட நம்பலியா? நாலு வருசமாவா?... அப்ப எதுக்கு மாமா இவ்ளோ தூரம் வந்தீங்க?... ஓ... என் வாயால சொல்றனா இல்லியான்னு பாக்கவா.

அம்மா, ஹலோ, வெச்சிடாதீங்க. இங்க பொண்ணோட நைனா ஒண்ணு கேக்கச் சொல்றாரு. நர்ஸம்மா எப்போ வருவாங்கன்னு... அவரு எதுக்கு கேக்கறாருன்னா... மெய்யாலுமா மாமா?... அம்மா, நர்ஸம்மா எங்க தீவுல கால வெச்ச மறுநாளு நிச்சயதார்த்தம் வெச்சிக்கலாம்னு சொல்றாரு. அதுக்கு முன்னாடி முடியவே முடியாதாம். நாயமாத்தான் பேசறாரு.

... இன்னாம்மா சொல்றீங்க? எங்க பேரு மறுபடி ஏறிட்சா?... அப்பறம் இன்னா ஆனா?... எந்த நர்ஸம்மாவும் தீவுக்கு வர ஒத்துக்க மாட்றாங்களா? தண்ணி எப்டி, வூடு எப்டி, போக்குவரத்து எப்டின்னு கேக்கறாங்களா?... ஐயோ, இன்னொரு பொண்ணு வூட்டுக்காரங்க.

இல்லம்மா, பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கி சொல்ற பொய்யெல்லாம் சொல்லி முடிச்சிட்டேன். வூடு கூரை வூடுதான், ஆனா ஊரே சேந்து புதுசா போட்டுக் குடுப்போம். நல்ல தண்ணி எண்ணூர்லேர்ந்து கொடத்துல ஏத்திகினு போவோம், முறை வெச்சி. மீனு... அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்... நீங்களே வந்து பாக்கறீங்களா? எப்போ?... வர்ற செவ்வாக்கெயமையா? வாங்கம்மா. நான் படகோட இதே எண்ணூர்ல நிக்கறேன்... மாமா இன்னா சொல்றீங்க?... அம்மா, மாமாவும் அன்னிக்கே வூடு பாக்க வர்றாராம். ரெண்டு பேரும் ஒரே படகுல வந்துடுங்க. எனக்கும் ஒரே செலவு.

எறங்கற எடமா? அந்தக் கரையில துறை கிறை இல்ல. முட்டி மட்டும் தண்ணியில நடக்கணும்... பொடவ நனையுமா? நனையாதும்மா. நாற்காலி போட்டு நானும் தம்பியும் தூக்கிகினு போயி மணல்ல வுடுவோம். நர்ஸம்மா வந்தாலும் அதேதான், எத்தினி தபா வந்தாலும் அதேதான். மங்கையத்தான் என்னால கரை சேக்க முடியாம பூட்ச்சி. உங்கள கால் நனையாம சேக்கறேம்மா. அத்த வோணும்னா மையில எழுதிக்கோங்க.

... எழுதிட்டீங்களா?

ஹலோ?... ஹலோ, எழுதிட்டீங்களாம்மா?... எக்ஸேஞ்சு?...

கட் பண்ட்டாங்க மாமா... தெரியல, எழுதினாங்களா இல்லியான்னு தெரியல. செவ்வாக்கெயமை வர்றப்ப கேட்டுக்கலாம்... கொடையா? கொடைய வூட்டுலயே வெச்சிட்டு வாங்க. எங்க தீவுல அடிக்கிற காத்துக்கு கொட நிக்காது... ஆமா மாமா. இதுவும் நெசந்தான்.