அறுபது அடியில் ஒரு கை

சாயங்காலம் மணி நாலேகால். டிரெல் பே கடலோரக் கண்டல் காட்டைச் சுற்றிப் போகிற மண்சாலை... ஈ காக்கை இல்லை. அதில் ஒரு பழைய ஜீப். ஓட்டுகிறவர் ஆஸ்பர்ட், நம் கூட்டாளி வெல்டனுடைய தாய்மாமா. பக்கத்தில் வெல்டனின் தங்கை கெர்லின். பின்னால் காற்று சிலிண்டர்கள் மோதிக்கொள்கின்றன. டங்... டங்...

சிரிக்காதே க்ளீவன். வெல்டன் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

ஆஸ்பர்ட் இருபது வருஷமாக சுற்றுலாக்காரர்களுக்கு முக்குளிக்கக் கற்றுக் கொடுக்கிறவர். விலாங்கு பல்லைக் காட்டினாலும் அசைய மாட்டார். சீலா மீன் மூஞ்சிக்கு நேரே வந்து நின்றால், தெருநாயை விரட்டுவது போலக் கையை வீசுவார். அன்று கெர்லினுக்குக் கடைசிப் பரீட்சை. கிளம்பும்போதே அவருடைய அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"கூட்டிட்டுப் போற மாதிரியே எம்பொண்ணைக் கொண்டாந்து விடு. இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத."

பரீட்சை இதுதான். அறுபது அடி ஆழம், மூழ்கிக் கிடக்கிற இழுவைப் படகின் பக்கத்தில். கெர்லின் கழுத்தை அறுப்பது போல் கையைக் காட்டுவாள். காற்று இல்லை என்று அர்த்தம். ஆஸ்பர்ட் தன் வாய்க்குழாயைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, மாற்றுக் குழாயைக் கவ்விக்கொள்வார். இருவரும் கைகோத்து மேலே வர வேண்டும். "கை கேட்டா குடுத்துடு. மூஞ்சியை அப்புறம் பாத்துக்கலாம்." எல்லோருக்கும் அவர் சொல்கிற பாடம் அது. யோசிக்கிற நேரத்தில் ஆள் செத்துவிடும் அல்லவா?

சின்ன மோட்டார் படகில் போய், நங்கூரம் போட்டு இறங்கினார்கள். பவளப்பாறைக்கு ஒரு சத்தம் உண்டு. சூடான எண்ணெயில் உப்பைத் தூவியது போல, பொரபொரவென்று ஓயாத சத்தம். அது... சட்டென்று நின்றது. மூழ்கிய படகுக்கு அடியிலிருந்து பெரிய திருக்கை ஒன்று எழும்பிப் போக, சேறு கிளம்பியது. ஆஸ்பர்ட்டுக்குத் தன் கையே தெரியவில்லை.

அவர் தோள்பட்டை வாரை ஒரு கை பிடித்தது. இன்னொரு கை அவர் முகக் கண்ணாடியை ஒட்டி வந்து, கழுத்தை அறுத்துக் காட்டியது.

கொடுத்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். மணிக்கட்டு ஜில்லென்று இருந்தது. பிள்ளை பயந்துவிட்டாள் என்று நினைத்தார். காற்றளவு முள்ளைப் பார்த்தால் மளமளவென்று இறங்குகிறது. ஆனால் மேலே போகிற குமிழி ஒரே சரம்தான்... அவருடையது. அந்தப் பக்கம் காற்று உள்ளே போகிறது. வெளியே வரவில்லை.

இருபது அடியில் தண்ணீர் தெளிந்தது. அவர் பிடியில் எதுவும் இல்லை. வாய்க்குழாய் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

மேலே வந்து பார்த்தார். அவர்கள் படகைத் தவிர வேறெதுவும் இல்லை. கெர்லின் கீழே இருக்கிறாள், தன் சிலிண்டரோ காலி. அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூச்சை அடக்கி முங்கினார். எட்டவில்லை. மறுபடியும் முங்கினார், மூக்கில் ரத்தம் வந்தது. அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

பத்தடி தள்ளி ஒரு தலை எழும்பியது.

கெர்லின்! கட்டிப்பிடித்து ஓவென்று அழுதுவிட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன மாமா இது? நான் பாஸா, இல்லையா? கேட்ட உடனே குடுத்துட்டேன்ல?"

"என்னத்தைக் குடுத்த?"

"காத்தை. நீங்கதான கேட்டீங்க? என்னை மாத்தி சோதிக்கிறீங்கன்னு நினைச்சேன். நல்லா இழுத்துட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க."

ஆஸ்பர்ட் அவளைப் படகில் ஏற்றினார். நங்கூரத்தைத் தூக்கவில்லை, கயிற்றை வெட்டிவிட்டார். பெட்ரோல் நாற்றத்தோடு இயந்திரம் இருமிக் கிளம்பியது. பாதி தூரம் வந்ததும் கெர்லின் முடியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஆனா மாமா... அந்தக் கலங்கல்ல உங்க கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. உப்புத் தண்ணியில கண்ணாடி இல்லாம, இமைக்காம அவ்வளவு நேரம் பாத்துட்டே இருந்தீங்களே... எரியலையா?"