கேப்டனின் நடை

"எட்டுக்கால் ஜந்து கப்பல ஓட்டுனா நம்பறாங்கக்கா. பொம்பள ஓட்டுனா ரியலா இல்லையாமா."

சோமனூர் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். பேசியவள் இளையவள், கழுத்தில் கம்பெனி அட்டை. மற்றவள் அவளுடைய ஊர்க்காரி போலிருந்தது.

"என்ன கப்பலு கண்ணு?"

"விண்வெளிக் கப்பல்ங்கக்கா. நாங்க செய்யற வீடியோ கேம்ல வருது. கேப்டன நான் பொம்பளயா வரஞ்சிருந்தேன். மேனேஜரு மாத்தச் சொல்லிப்போட்டாரு."

"மாத்திப்போட்டியா?"

"மூஞ்சி தெரியாம ஹெல்மெட்ட மாட்டி, ஆம்பளக் கொரல வெச்சேன். வேற ஒண்ணுந் தொடலீங்க. இப்பத்தான் ஆம்பளயாட்டம் கம்பீரமா நடக்கறான்னு எல்லாருங் கை தட்டுனாங்க."

"அப்ப அந்த நடை ஆரோடது?"

"என்னோடதுதானுங்க. உடம்பெல்லாம் சென்சார் ஒட்டி என்னைய நடக்க உட்டு, அதத்தான் பதிஞ்சு வெச்சிருந்தோம்."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்கக்கா. ஞாயித்துக்கெழம என்னையப் பொண்ணு பாக்க வாராங்க. எங்கம்மா காப்பித் தட்டக் கையில குடுத்து, ஊட்டுக்குள்ளயே நடக்க உட்டுப் பாக்குது. இப்பிடி நடந்தா உன்னையப் பொண்ணுன்னு ஆரு நம்புவாங்குது."

கருமத்தம்பட்டியில் இளையவள் இறங்கினாள். நான் ஜன்னல் வழியே அந்தக் கேப்டனின் நடையைப் பார்க்கக் காத்திருந்தேன். அவள் தலை குனிந்து, தட்டில் உள்ள காப்பி தளும்பிவிடக் கூடாது என்பதுபோல, அடிமேல் அடி வைத்துப் போனாள்.