மணிக்கட்டைப் பிடித்த கை

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அது கிளம்பக் காத்திருந்தேன். முன்சீட்டில் நர்சிங் மேல்படிப்பு படிக்கும் பெண்கள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவள் சின்ன டேப்ரிக்கார்டர் ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அந்த அம்மா அழ ஆரம்பிச்சதும் நான் பல்ஸ் பாத்துட்டேன்டீ.”

அதன் பிறகு என் கையிலிருந்த பத்திரிகை ஒரு வரிகூட ஓடவில்லை.

“ஆராய்ச்சிக்கு எடுத்த இன்டர்வியூவிலயா? எதுக்கு?”

“ஆறுதலாத்தான் கையைப் பிடிச்சேன். விரல் தானா மணிக்கட்டுக்குப் போச்சு. கண்ணு வாச்சுக்குப் போச்சு.”

“வார்டுல அஞ்சு வருஷப் பழக்கம் போகுமா? நீ என்ன கேட்ட?”

“பிரசவத்துல பிள்ளை இறந்தப்போ பக்கத்துல யார் இருந்தான்னு கேட்டேன். மெதுவா தோண்டிக் கேக்கணும்னு கைடு மேடம் சொன்னாவல்லே. கஷ்டமா இருந்தா நிறுத்திக்கலாம்னு முதல்லயே சொல்லிட்டுத்தான் கேட்டேன்.”

“அவிய என்ன சொன்னாவ?”

“‘ஒரு நர்ஸ் வந்து கையைப் பிடிச்சா. எனக்கும் ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சேன். அவ வாச்சைப் பாத்து எண்ணிட்டுப் போயிட்டா.’ இதைச் சொல்லித்தான் அழுதாவ.”

கண்டக்டர் வந்து இருவருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

“டேப்ல இருக்கா?”

“அவிய சொன்னது இருக்கு. நான் செஞ்சது எப்படி டேப்ல விழும்?”

“பின்னே எதுக்குப் பயம்? நாளைக்கு எழுதிக் கொடுக்கும்போ அதை மட்டும் எழுதாண்டாம். மேடத்துக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.”

பஸ் கிளம்பியது. ஜன்னலோரப் பெண் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

“அவிய அழுகையை நிறுத்திட்டு இந்த வாச்சைத்தான் பாத்துட்டு இருந்தாவ.”