ஒரு மாதம் வைத்துப் பாருங்கள்

புதிதாகச் சந்தைக்கு வரும் எந்தப் பொருளையும் முதல் மாதத்திலேயே வாங்கும் பழக்கம் எனக்கில்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் பிரஷர் குக்கர் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கலர் டிவியும் அப்படித்தான். முதலில் வருவதில் ஏதாவது குறை இருக்கும். வாங்கினவர்கள் புகார் சொல்வார்கள், கம்பெனிக்காரன் திருத்துவான், திருத்தியதை நாம் வாங்கிக்கொள்ளலாம். இதில் தவறு இருப்பதாக நீங்களும் நினைக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

உங்கள் மேசைமேல் இருக்கும் கடிதம் நான் எழுதியதுதான். பம்பாய்க் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர்கள் அதை உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பரவாயில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பாண்டுரங்கன். திண்டிவனத்தில் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். மனைவி கிருஷ்ணவேணி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகன் சின்னதுரை. அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தான்.

இந்த எண்பத்தெட்டாம் வருடம் பொங்கல் முடிந்ததும் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டி, மாசி மாதம் கடைகளுக்கு வருகிறது என்று. சின்னதுரை அந்த விளம்பரத்தை வெட்டி, கணக்கு நோட்டில் ஒட்டிவைத்துக்கொண்டான். அவன் வகுப்பில் டாக்டர் மகன் ஒருவன் முன்பதிவே செய்துவிட்டானாம். இவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"வாங்கிக் குடுத்துடுங்களேன். ஒரே புள்ள. ஏங்கிப் போறான்," என்றாள் கிருஷ்ணவேணி.

விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே டிவி கடை வைத்திருக்கும் வெங்கடாசலம் எனக்குப் பழக்கம். மொத்தம் நாலு பெட்டிதான் வந்திருக்கிறது என்றார். நான் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவரே வழி சொன்னார்.

"ஒரு மாசம் வச்சுப் பாருங்க சார். புடிச்சா பில் போட்டுக்கலாம். புடிக்கலன்னா பெட்டியைக் கொண்டாந்து குடுத்துடுங்க. உங்ககிட்ட இன்னா கணக்கு பாக்கப் போறேன்?"

வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னதுரை பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் மாட்டிப் பார்த்தேன். படம் நன்றாக வந்தது. பந்தால் சுவரை உடைக்கும் விளையாட்டு. ஆனால் கைப்பிடியின் இரும்புத் தண்டைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது. போன் போட்டுக் கேட்டேன். "உங்க வூட்டுல எர்த் சரியில்ல சார், வேற ஒண்ணும் இல்ல," என்றார் வெங்கடாசலம்.

அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால் சின்னதுரை டாக்டர் வீட்டுக்குப் போய் இதே பெட்டியில் விளையாடியிருப்பான். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மல்டிமீட்டர் இருக்கிறதே என்றும் நேற்று கேட்டீர்கள். மல்டிமீட்டர் எண்ணைத்தான் காட்டும். ஒரு பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று காட்டாது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் குப்பம்மாளுக்கு ஒரு மகள். பொன்னி. சின்னதுரையின் வயதுதான், உடம்பும் அதே வாகு. குப்பம்மாளின் புருஷன் ராயப்பன் முகையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான். ஏரிக்கரையில் அவர்கள் குடிசை. மண் தரை, அரசாங்கம் கொடுத்த ஒற்றை விளக்கு. அந்த விளக்கு ஒயரிலிருந்து நானே ஒரு பிளக் பாயின்ட் இழுத்துக் கொடுத்தேன். எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவியையும், அதில் மாட்ட இந்தப் பெட்டியையும் கொடுத்தேன். சின்னதுரைக்கு முழுப் பரீட்சை முடியும்வரை இந்தப் பெட்டி நம் வீட்டில் இருந்தால் படிப்பு கெடும் என்று கிருஷ்ணவேணியிடம் சொன்னேன். அவளும் சரி என்றாள்.

குப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்க தெருவுல யார் வூட்டுலயும் டிவி இல்ல சார். நீங்க நல்லா இருக்கணும்," என்றாள். அந்த வாரமே சர்ச்சில் என் பெயருக்கு மெழுகுவத்தி ஏற்றினாளாம். கிருஷ்ணவேணி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பொன்னி கெட்டிக்காரப் பெண். இரண்டாவது வாரத்திலேயே மூன்று சுவர் உடைத்தாள். அவள் விளையாடும்போது குடிசை வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்று கத்துவார்கள்.

"கையில சுருக்கு சுருக்குன்னு அடிக்குது சார்," என்றாள் முதல் வாரம்.

"எந்த விரல்ல?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கேட்டபோது சிரித்தாள். "பழகிப்போச்சு சார். துணியைச் சுத்திக்கினு ஆடறேன்."

துணியைச் சுற்ற வேண்டாம், கைப்பிடி வீணாகிவிடும் என்று சொன்னேன். துணி சுற்றினால் நான் குறிக்கும் குறிப்புக்கு அர்த்தமில்லாமல் போய்விடும். அவள் உடனே அவிழ்த்துவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பெண்.

நாலாவது ஞாயிறு. மறுநாள் வெங்கடாசலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஏறக்குறைய திருப்திதான். ஒரு மாதம் தினமும் ஆடியும் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்னதுரைக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் குளித்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் வந்து டிவி முன்னால் உட்காருவான். எத்தனை முறை கண்டித்தாலும் கேட்பதில்லை. அவனுக்கு வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய இது ஒன்றுதான் தெரியாமல் இருந்தது.

குப்பம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பொன்னி வாசலில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மண்.

"போய் கை கால் கழுவிக்கினு வாம்மா. கழுவிட்டு வந்து ஆடு, நான் பாக்கறேன்," என்றேன்.

"தோ வர்றேன் சார்," என்று ஓடினாள். முழங்கை வரை கழுவிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. அதைக் குப்பம்மாளிடமும் சொன்னேன், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. பிளக்கை உடனே பிடுங்கினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கடிதத்தில் எத்தனை விநாடி என்று எழுதியிருக்கிறேன். கடிதத்தில் உள்ளதுதான் சரி.

எல்லோரும் விபத்து என்றார்கள். ராயப்பன் மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தான். பிளக் பாயின்ட்டைச் சுவரோடு பிடுங்கி ஏரியில் எறிந்துவிட்டு, பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சவப்பெட்டிக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் இந்தக் கடிதத்தை எழுதினேன். தேதி, நேரம், ஈரம், உலர்வு எல்லாம் இருக்கின்றன. பயன்படுத்தியவர்: பெண், வயது பன்னிரண்டு. பெயர் தேவைப்படாது என்று எழுதவில்லை. கம்பெனி குறையைத் திருத்தினால் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் தப்பிக்கும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் நாள் குப்பம்மாள் அந்தப் பெட்டியைப் பொன்னியின் பாவாடையில் சுற்றி எடுத்து வந்தாள்.

"ஒடையல சார். பத்திரமா வச்சிருந்தேன். உங்க புள்ள ஆடட்டும்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய முடியும்? விழுப்புரத்துக்கு எடுத்துப் போனேன். வெங்கடாசலம் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் சரக்கிலிருந்து ஒரு பெட்டி மாற்றிக் கொடுத்தார். அதில் இரும்புத் தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். பில் போடச் சொன்னேன்.

சின்னதுரை அதைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அவனும் பொன்னியும் வேப்பங்கொட்டை பொறுக்கி விளையாடியவர்கள். கொஞ்ச நாளில் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். இப்போது மூன்று மாதம் ஆகிறது. பக்கத்தில் போனால் கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். கிருஷ்ணவேணி அவனை மயிலத்துக்கு அழைத்துப்போய் மந்திரித்துவந்தாள். குணமில்லை. அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் சட்டைப்பையில் இருந்த குறிப்பு நோட்டை அவள் பார்த்திருக்கக்கூடும்.

எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் கசிகிறது என்று தெரிந்தே கொடுத்தேன். ஈரக் கையோடு தொடச் சொன்னதும் நான்தான். என் மகனுக்கு ஆகக்கூடாதது அவளுக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன்.

ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். குப்பம்மாள் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. வேண்டுமானால் கூப்பிட்டு விசாரியுங்கள். கடிதத்தை மட்டும் அவளிடம் படித்துக் காட்ட வேண்டாம். அவளுக்கு அதெல்லாம் புரியாது, வீணாக மனம் கஷ்டப்படுவாள்.