நத்தார்ச் சாப்பாடு எடுக்க வந்தவர்

ஓம் ஓம், கஜந்தியின்ரை ஓடர்தானே, மறக்கேல்லைத் தம்பி. எல்லாம் கட்டி வைச்சிட்டன், புரியாணி மட்டும்தான் இன்னும் இறக்கேல்லை. இப்ப மூடியைத் திறந்தால் ஆவி போயிடும், பிறகு அரிசி அரிசியாய்க் கிடக்கும். அந்தக் கதிரையிலை இருங்கோ. அதிலை கிடக்கிற ஏப்ரனைத் தூக்கி எங்கையாவது போடுங்கோ, பறவாயில்லை. இண்டைக்கு இருபத்திநாலாந் தேதி, எல்லாருக்கும் இருட்டுறதுக்குள்ளை சாப்பாடு வேணும். இஞ்சை இருட்டுறதும் மத்தியானம் முடிஞ்ச கையோட. அடுப்பு நாலு இருக்கு, கைதான் ரெண்டு.

காரை எங்கை விட்டனீங்கள்? சேர்ச் முன்னாலையோ? அதிலை விடலாம், இண்டைக்கு ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம். எங்கையிருந்து வாறியள்? கிரின்ஸ்டெட்டிலையிருந்தோ. அவ்வளவு தூரம் ஓடி வந்தனீங்களோ, றோட்டெல்லாம் வழுக்குமே. கஜந்தி இஞ்சை ஒடென்சேயிலைதானே இருக்கிறாள், அவள் ஏன் வரேல்லை? காய்ச்சலோ. பாவம். எப்பவும் அவள்தான் வாறவள். நீங்கள் அவளுக்கு என்ன முறை? ஒண்டுவிட்ட அண்ணனோ. ஓ. சரி சரி. தேத்தண்ணி குடிக்கிறியளோ? வேண்டாமோ. வாயைத் திறந்து கேக்க வெக்கப்படாதேங்கோ, போத்திலுக்குள்ளை சுடச்சுட இருக்கு, ஊத்துறதுதான் வேலை.

நானும் ஒருக்கா இருக்கிறன். இடுப்பு விட்டுப்போச்சு. காலமை இருட்டோட இந்தச் சேர்ச் குசினிக்கு வந்து நிண்டனான், இப்பதான் காலுக்குக் கதிரை காட்டுறன். உதவிக்கு ஆளோ? இவர் வந்து வெங்காயம் உரிச்சுத் தந்திட்டு, ஆராதனைக்குக் கதிரை அடுக்கப் போயிட்டார். இவரெண்டால் என்ரை மனிசன், தேவதாசன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. சேர்ச்சிலை மூப்பர். மூப்பர் எண்டால் பிரசங்கமும் செய்ய வேணும், கதிரையும் அடுக்க வேணும்.

ஓம், வேறை வேலையும் இருக்கு. கிழமை நாளிலை வயோதிபர் இல்லத்திலை, குசினியிலைதான். ஆனால் அங்கை சமையல் இல்லைத் தம்பி. எல்லாம் எங்கையோ ஒரு பெரிய குசினியிலை சமைச்சு, பிளாஸ்டிக்கிலை அடைச்சு வரும். நான் சூடாக்கிக் கோப்பையிலை போட்டு, மேலை ஒரு பார்ஸ்லி இலையை வைக்கிறது. அந்த இலையும் வெட்டித்தான் வரும். போன கிழமை அங்கை ஒரு டெனிஸ் அம்மா கேட்டா, இந்தப் பண்டி இறைச்சியை நீதான் வாட்டினனியோ எண்டு. நான் ஓம் எண்டன். அவவுக்குச் சந்தோஷம். பொய்தான், ஆனால் ஆருக்கு நட்டம் சொல்லுங்கோ.

இஞ்சை மாறி. இஞ்சை நான் சமைக்கிறன், கொண்டு போறவை தாங்கள் சமைச்சதெண்டு சொல்லுகினம். சிரிக்கிறியள், உண்மையாய்ச் சொல்லுறன். எங்கடை சேர்ச்சிலை சுசீலாதேவி அக்கா எண்டு ஒரு ஆள். போன மாசம் பெண்கள் கூட்டத்திலை எழும்பி நிண்டு, கர்த்தர் பிறந்த நாளுக்குப் பெட்டிச் சாப்பாடு சாப்பிடுற வீட்டிலை என்ன ஆசீர்வாதம் இருக்கப்போகுது எண்டு ஒரு பெரிய பேச்சு. எல்லாப் பொம்பிளையளும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவை. நானும்தான், வாயைத் திறந்தால் எனக்கு ஓடர் போயிடுமே. இண்டைக்குக் காலமை முதல் ஆளாய் ஆர் வந்தது தெரியுமோ? அவதான். தன்ரை வீட்டுச் சட்டியைத் துணியாலை சுத்திக் கொண்டந்து, தங்கச்சி, ஆட்டிறைச்சிக் கறியை இதுக்குள்ளையே போட்டுத் தாரும் எண்டா. போட்டுக் குடுத்தனான். சட்டியின்ரை கரையிலை கொஞ்சம் தீஞ்ச மாதிரிப் பிரட்டியும் விட்டனான், இல்லாட்டி ஆர் நம்புவினம்.

நான் ஒருத்தரையும் குறை சொல்லமாட்டன் தம்பி. பக்டரியிலை விடிய வேலைக்குப் போறதுகள், பின்னேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பிறகு நிண்டு ரோல்ஸ் சுத்தச் சொன்னால் என்னெண்டு சுத்துறது? சமைக்கிறதெண்டால் கை மட்டுமே வேலை செய்யுது? எங்கடை ஆம்பிளையள் பாருங்கோ, கோப்பையிலை கை வைக்க முதல் அம்மா வைக்கிற மாதிரி இல்லை எண்டு சொல்லுவினம். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் எண்டால் கடையிலை வாங்கிக் குடுப்பன். உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் சமைப்பியளோ? பருப்பும் முட்டையுமோ. அது காணும், அதுவே பெரிய காரியம்.

எங்கடை வீட்டிலையோ? கேட்டியளே ஒரு கேள்வி. எங்கடை வீட்டிலை நத்தாருக்குத் தாரா இறைச்சி. கடையிலை விக்கிறது தம்பி, வாட்டி, சுத்தி, சிவப்பு முட்டைக்கோவாவும் சோஸும் எல்லாம் பக்கத்திலை வைச்சு. ஓவனுக்குள்ளை தள்ளிப்போட்டு நான் கதிரையிலை விழுந்திடுவன். ஊருக்கெல்லாம் புரியாணி, எனக்குப் பெட்டித் தாரா. இவ்வளத்தையும் கிண்டிப்போட்டுப் போனால் பின்னேரம் கறி மணமே வேண்டாமெண்டு போயிடும். இவரும் நானும் முன்னுக்கு முன் இருந்து, அந்தத் தாராவைச் சவைச்சுக்கொண்டு, ரீவியைப் பாத்துக்கொண்டு. ருசியோ? ருசியைப் பாத்து ஆர் சாப்பிடுறது. இவர் செபம் பண்ணுவார், நான் ஆமென் எண்டுவன், அவ்வளவுதான்.

இல்லை, பிள்ளை இருக்கு. ஒரே ஒரு மகள். கிருபாஷினி.

அவள் வீட்டிலை இருக்கேக்கை நான் வெளி ஓடர் ஒண்டும் எடுக்கிறேல்லை. இந்த நாள் அவளுக்கெண்டு வைச்சது. புரியாணியும் வேணும், பண்டியும் வேணும், ரெண்டையும் ஒரே கோப்பையிலை போட்டுக் குழைப்பாள். பிறகு கடைசியிலை ரிஸலமாங், டெனிஸ் ஆக்களின்ரை நத்தார்ப் பாற்சோறு. ஓம், உங்கடை பெட்டிக்குள்ளையும் இருக்கு, கீழ்த் தட்டிலை, சரிச்சுப் போடாதேங்கோ, கிறீம் ஊத்துண்டிடும். அதிலை ஒரு கதை இருக்கு. சொல்லட்டோ? புரியாணிக்கும் நேரம் இருக்கு.

அவள் அப்ப சின்னன், பாலர் பள்ளிக்குப் போறவள். ஒருநாள் ஓடி வந்து சொல்லுறாள், அம்மா, பாற்சோறு மாதிரி ஒண்டு, குளிராய், மேலை செரிப்பழப் பாணி, அதுக்குள்ளை பாதாம் பருப்பு வந்தால் பரிசு எண்டு. நான் இந்த நாட்டுக்கு வந்து கன காலம் இல்லை. எனக்கென்ன தெரியும், ஒரே ஒரு பருப்பைத்தான் ஒளிச்சு வைக்கிறதெண்டு. பிள்ளைக்குப் பாதாம் வராட்டில் அழப்போகுதே எண்டு ஒரு பைக்கற் முழுக்க உரிச்சுக் கொட்டிப்போட்டன். முழுசு முழுசாய். சாப்பிட இருக்கிறம், முதல் கரண்டியிலையே அவளுக்கு வந்திட்டுது. துள்ளுறாள். அடுத்த கரண்டி, அப்பாவுக்கு. அடுத்தது எனக்கு. பிறகு திரும்பவும் அவளுக்கு. பிள்ளை எழும்பி நிண்டு டெனிஸிலை கத்துறாள், இது பிழை, இது பிழை, ஒரு ஆளுக்குத்தான் வரவேணும் எண்டு. இவர் என்ன செய்தார் தெரியுமோ, பரிசுக்கு வைச்ச சொக்கிளேற்றை எடுத்து மூண்டாய் முறிச்சார். எங்கடை வீட்டிலை தோக்கிற ஆள் இல்லை எண்டார்.

அடுத்த வருஷம் நான் படிச்சிட்டன்தானே, ஒண்டே ஒண்டைப் போட்டன். அழுதாள் தம்பி. எங்கடை மாதிரிச் செய்யுங்கோ எண்டு. அண்டையிலிருந்து எங்கடை வீட்டிலை பைக்கற் முழுக்கத்தான். இந்த டென்மார்க் முழுக்கத் தேடினாலும் அப்பிடிச் செய்யிற இன்னொரு விசர் வீடு கிடைக்காது.

ம்... இப்ப அவள் வாறேல்லை. கலியாணம் முடிச்சிட்டாள். சந்தோஷமாய்த்தான் இருக்கிறாளாம். அவள் விரும்பின பெடியன் சைவ சமயம். பெடியனிலை ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. இவர் மூப்பர் எல்லோ. பெடியன் ஞானஸ்நானம் எடுக்கட்டும், பிறகு நானே முன்னுக்கு நிண்டு செய்து வைக்கிறன் எண்டார். அவள் சொன்னாள், எனக்காண்டி அவர் பொய்க்குத் தண்ணிக்குள்ளை இறங்க வேண்டாம் அப்பா எண்டு. அது சரியான கதைதானே? எனக்குச் சரியாய்த்தான் பட்டுது. ஆனால் இவருக்கு முகம் செத்துப்போச்சு. பிறகு அவை கொம்யூன் கந்தோரிலை போய்க் கலியாணத்தை எழுதிச்சினம்.

இவர் சொன்னார், அவள் தனிய வரட்டும், கதவு திறந்துதான் கிடக்கு. அவள் சொன்னாள், ரெண்டு பேரையும் கூப்பிட்டால் வாறன், இல்லாட்டி வரமாட்டன். அவ்வளவுதான் தம்பி. அடிபிடி இல்லை, தூஷணம் இல்லை. ரெண்டு பேரும் நல்ல பிடிவாதக்காரர், அப்பனும் மகளும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமையிலை போன் எடுப்பாள். சுகமோ அம்மா எண்டு கேப்பாள், ஓம் எண்டுவன். அங்கை குளிரோ எண்டு கேப்பன், ஓம் எண்டுவாள். பிறகு கதை முடிஞ்சுபோயிடும். பெத்த பிள்ளையோட குளிரைப் பற்றிக் கதைச்சுக் கதைச்சே எனக்கு அலுத்துப்போச்சு.

நான் போய்ப் பாக்கலாம்தான். எல்லாரும் அதைத்தான் கேக்கினம். இவரை விட்டிட்டு நான் மட்டும் போய் அங்கை இருந்து சாப்பிட்டிட்டு வந்தால், பிறகு இவர் ஒரேயடியாய்த் தனிச்சுப்போயிடுவார். தனிச்ச ஆம்பிளையின்ரை பிடிவாதத்தை ஒருத்தராலையும் உடைக்கேலாது. அதுதான் பொறுத்துக்கொண்டு இருக்கிறன். பொறுத்துப் பொறுத்துக் களைச்சுப்போனன். சமைச்சதாலை வந்த களை இல்லை இது.

ஏன் எழும்பிறியள்? வெளியிலை காருக்குள்ளை போய் என்ன செய்யப் போறியள்? இருங்கோ மருமகன், புரியாணி இறக்கேல்லை.

ஓம், தெரியும். வாசலாலை வரேக்கையே தெரியும். கஜந்தியின்ரை தாய் விமலராணி எங்கடை சேர்ச்தானே, அவவின்ரை சொந்தம் முழுக்க எனக்குப் பாடம், ஒண்டுவிட்டதும் தெரியும் ரெண்டு விட்டதும் தெரியும். உங்கடை கலியாணப் படத்தையும் ஆரோ போனிலை காட்டினவை. நேரிலை கொஞ்சம் மெலிவாய் இருக்கிறியள்.

இந்தச் சாப்பாடு ஆருக்குப் போகுதெண்டு உங்களாலை தெரிஞ்சதும் இல்லை. போன வருஷமும் தெரியும், அதுக்கு முதல் வருஷமும் தெரியும். கஜந்தி மகளின்ரை கூட்டாளி எல்லோ, அவள் போன் எடுத்து, அன்ரி, ரிஸலமாங்கிலை பாதாம் கனக்கப் போடுங்கோ, முழுசாய்ப் போடுங்கோ எண்டாள். பின்னாலை ஆரோ குசுகுசுத்துச் சொல்லிக்குடுத்தது எனக்குக் கேட்டது. போனை வைச்சிட்டு நிண்ட நிலையிலை அழுதனான். சந்தோஷமும் இருந்தது, கோவமும் இருந்தது. என்ரை பிள்ளைக்கு என்ரை கைச் சாப்பாடு வேணும். ஆனால் கடையிலை வாங்கிற மாதிரி, வேறை ஒருத்தின்ரை பேரிலை, பெட்டியிலை வேணும். உங்களுக்குத் தெரியுமோ, அந்தப் பாதாமை உரிக்கிறது இவர்தான். ஒவ்வொரு வருஷமும் சுடுதண்ணியிலை போட்டு, ஒண்டொண்டாய்த் தோலை எடுத்து, ஒண்டும் உடையாமல் தருவார். ஆருக்கெண்டு கேக்கேல்லை. ஒருக்காலும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை.

தலையைக் குனியாதேங்கோ. உங்களிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. இவ்வளவு வழுக்கலுக்குள்ளை அவளின்ரை வாய்க்காண்டி ஓடி வந்திருக்கிறியள், எனக்கு அது காணும். எழும்புங்கோ, இறக்குவம். இந்தத் துணியாலை பிடியுங்கோ, சுடும். இதை முன் சீற்றிலை வைச்சுக் கொண்டு போங்கோ, பின்னாலை வைச்சால் வளைவுகளிலை சரியும்.

அவளிட்டை ஒண்டு சொல்ல வேணும். அடுத்த வருஷம் அம்மா ஓடர் எடுக்கமாட்டாவாம் எண்டு சொல்லுங்கோ. கஜந்திக்கும் இல்லை, சுசீலாதேவி அக்காவுக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை. இடுப்பு நோவும் இருக்குத்தான், அதையும் சொல்லுங்கோ. ஆனால் இடுப்பாலை இல்லை. நான் விக்கிற வரைக்கும் அவள் வாங்குவாள். வாங்கிற வரைக்கும் வரமாட்டாள். வராட்டில் இதுவும் இல்லாமல் போயிடும், அவள் நத்தாருக்கு என்ன சாப்பிடுறாள் எண்டு கூட எனக்குத் தெரியாமல் போயிடும். யோசிக்காமல் சொல்லேல்லை. பயந்து பயந்துதான் சொல்லுறன்.

இவரோ? இவருக்கு இன்னும் சொல்லேல்லை. பின்னேரம் செபம் முடிய, ஆமென் சொல்ல முதல் சொல்லுவன். அந்த நேரம் எழும்பிப் போகமாட்டார்.

நீங்கள் இப்ப எனக்கு ஒரு மறுமொழியும் சொல்ல வேண்டாம். அவளிட்டைச் சொன்னால் காணும். அடுத்த நத்தாருக்கு நான் வீட்டிலைதான் சமைக்கிறன், நாலு பேருக்கு.